கேட்டுத் திறந்த கேட்டு

தென்காசிச் சாலையில் முத்துமாலை நகர் முகப்பில் நிற்கிற தானியங்கிக் கேட்டு, முதன்முதலாக ஒரு சிரிப்புக்குத்தான் திறந்தது என்பதை அந்தப் பக்கத்தில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வருஷம் வெயில் கொளுத்தியது, குளத்தில் தாமரை பூத்தது, கேட்டு சிரிப்புக்குத் திறந்தது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, வெற்றிலையை மென்றுகொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டால்தான் கொஞ்சம் தயங்கி, பிரமநாயகி வீட்டுப் பக்கம் கண்ணைக் காட்டுவார்கள்.

பிரமநாயகி குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். நறுக்குத் தெறித்தாற்போல் பேசுகிறவள், எடுத்த காரியத்தைக் கீழே வைக்காதவள். கோயிலுக்குப் போய்விட்டு நடந்து வந்த ஒரு சாயங்காலத்தில், மோட்டார் சைக்கிளில் பின்னாலிருந்து வந்த எவனோ அவள் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனான். கழுத்துக் காயம் ஆறிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு பின்னால் ஒரு செருப்புச் சத்தம் கேட்டாலும், ஒரு சைக்கிள் செயின் உரசினாலும், அவள் கை தன்னால் எழுந்து கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். சோறு பிசைகிற கையாக இருந்தாலும், கோலப்பொடி ஒட்டிய கையாக இருந்தாலும் அப்படியே எழுந்துவிடும். தெரியாத முகம் எதுவும் தன் தெருவில் நடக்கக் கூடாது என்று அவள் முடிவு செய்தது அந்தக் கையைப் பார்த்துத்தான்.

நகருக்குப் பின்னால் ஓர் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் ஓடைக்கரை என்று ஓர் ஊர். அந்த ஊர்ப் பெண்கள் பீடி சுற்றுகிறவர்கள். சுற்றிய பீடியைச் சொளவு என்கிற முறத்தில் வைத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சாலையிலிருக்கும் பீடிக்கடைக்கு அவர்கள் நடந்து போகிற பாதையில்தான் பிறகு மனை போட்டார்கள், வீடு கட்டினார்கள், முத்துமாலை நகர் என்று பலகை வைத்தார்கள். பலகை வந்த பிறகும் பெண்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். "முன்னால அடைச்சாப் பின்னால வாரது தன்னால நின்னு போகும்" என்றாள் பிரமநாயகி. இந்த வழியை அடைத்தால் அவர்கள் குளத்துக்கரையைச் சுற்றி வெயிலில் நெடுந்தூரம் நடக்க வேண்டும் என்று அவள் புருஷன் குத்தாலிங்கம் மெல்லச் சொன்னார். அவர் எதையும் மெல்லத்தான் சொல்வார். சொல்லிவிட்டு ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போட்டுக்கொண்டு தும்முவார். அந்தத் தும்மலில் அவர் சொன்னது காணாமல் போய்விடும்.

கேட்டு வந்தது. நடந்து போகிறவர்களுக்கான சின்னக் கதவு வேண்டவே வேண்டாம் என்று பிரமநாயகி சொன்னதால், மதிலோடு மதிலாக இழுபடுகிற ஒரே கேட்டாக வந்தது. மதுரையிலிருந்து வந்த ஆள் மோட்டாரைப் பொருத்தி, கேட்டுக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்ததும் வேறு வேலைக்குக் கிளம்பிவிட்டார். ரிமோட்டுகளைப் பழக்குவது எப்படி என்று பிரமநாயகிக்குப் போனில்தான் சொல்லிக் கொடுத்தார்.

"பெட்டிக்குள்ள பட்டாணி மாதிரி ஒரு பொத்தான் இருக்கும் மேடம். அத அமுக்குனா சிவப்பு லைட் எரியும். எரியும்போது ரிமோட்ட அமுக்குங்க. லைட் கண்ணடிச்சு, பீப்புன்னு ஒரு சத்தம் வந்தா, கேட்டு அந்த ரிமோட்டக் கத்துக்கிச்சுன்னு அர்த்தம். ஒண்ணு ஒண்ணாப் பண்ணுங்க."

பிரமநாயகி பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு மோட்டார்ப் பெட்டியின் முன் உட்கார்ந்தாள். மடி நிறைய ரிமோட்டுகள். பொத்தானை அமுக்கினாள், விளக்கு எரிந்தது. ரிமோட்டை எடுக்கக் கை போகிற நேரத்தில், அவள் முதுகுக்குப் பின்னால் ஓடைக்கரை ஆடு ஒன்று இரண்டு கால்களில் எழுந்து நின்று கேட்டுக்குப் போட்ட மாலையை நிதானமாகத் தின்றது. சொளவோடு வந்த ஓடைக்கரைப் பெண் முப்பிடாதி அதைப் பார்த்தாள். முப்பிடாதி சிரித்தால் மண்பானை நிறையக் காசைக் கொட்டிக் கவிழ்த்த மாதிரி இருக்கும். அவள் சிரித்தாள். விளக்கு கண்ணடித்தது. பீப் என்றது. பிரமநாயகி திரும்பி முறைத்துவிட்டு, ரிமோட்டுத்தான் பதிந்துவிட்டது என்று நினைத்து அடுத்ததை எடுத்தாள்.

மறுநாள் காலையில் பூட்டிய கேட்டின் முன்னால் ஓடைக்கரைப் பெண்கள் வந்து நின்றார்கள். இனி என்ன செய்ய, குளத்துக்கரைதான் என்று திரும்பப் போகும்போது, முப்பிடாதி நேற்றைய ஆட்டை நினைத்துச் சிரித்தாள். கேட்டு திறந்தது.

அன்றிலிருந்து அது கற்றுக்கொள்வதை நிறுத்தவில்லை. பால்காரர் கோலப்பன் கேன் மூடியில் விரலால் தட்டுகிற தாளத்தைக் கற்றுக்கொண்டது, சுண்டல்காரர் தாவூது சட்டியைச் சட்டுவத்தால் இரண்டு தட்டுத் தட்டுவதைக் கற்றுக்கொண்டது, ஓய்வுபெற்ற வாத்தியார் தனக்குத்தானே முனகுகிற "சரி சரி, ஆகட்டும்" என்பதைக் கற்றுக்கொண்டது, மாலை தின்ற ஆட்டின் கழுத்து மணியைக் கற்றுக்கொண்டது, மூலை வீட்டுச் சிறுமி எட்டாம் வாய்ப்பாட்டில் எப்போதும் தடுக்கி விழுகிற இடத்தை அந்தத் தடுக்கலோடு கற்றுக்கொண்டது, குத்தாலிங்கத்தின் தும்மலையும் கற்றுக்கொண்டது. காரின் ஹார்னை மட்டும் அது ஒருநாளும் ஏற்கவில்லை. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி காருக்குள் போட்ட சண்டைக்கு ஒருமுறை திறந்ததால், மறுநாள் அவர்கள் பொய்யாகச் சண்டை போட்டுப் பார்த்தார்கள். கேட்டு அசையவில்லை. அந்தப் பொய்ச்சண்டையை நினைத்து இருவருக்கும் சேர்ந்தாற்போல் ஒரு கெக்கலிப்பு வந்ததே, அதற்குத் திறந்தது.

சனங்கள் இதற்கெல்லாம் பெரிதாக அதிசயப்படவில்லை. ரிமோட்டிலிருந்த பேட்டரியைக் கழற்றிச் சுவர்க் கடிகாரத்தில் போட்டார்கள். வெறும் ரிமோட்டைப் பல் முளைக்கிற பிள்ளைகளுக்குக் கடிக்கக் கொடுத்தார்கள். கார்க்காரர்கள் கேட்டின் முன்னால் கண்ணாடியை இறக்கித் தத்தம் சத்தத்தைப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். தொண்டை கட்டியவர்களுக்குப் பக்கத்து வீட்டார் வந்து திறந்துவிட்டார்கள். அடுப்படியில் நிற்கிறவளுக்குக் கூட வெளியே எட்டிப் பார்க்காமலே யார் வந்தது, யார் போனது என்று தெரிந்தது.

பிரமநாயகிக்குத்தான் பொறுக்கவில்லை. சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"சிரிச்சாத் தொறக்கு, தும்முனாத் தொறக்கு, ஆட்டுக்குந் தொறக்கு. நாளைக்குத் திருடனுக்கும் தொறந்தா?"

குத்தாலிங்கம் மெல்லச் சொன்னார்: "திருடன் சத்தம் போட்டுக்கிட்டா வருவான்?" சொல்லிவிட்டு, அன்றைக்கென்று பார்த்து, தும்மாமல் இருந்தார். அதனால் அவர் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது.

அவள் மதுரைக்குப் போன் போட்டாள். "கத்துக்கிட்டதெல்லாம் மறக்கணும்னா அதே பொத்தான விடாம அமுக்கிப் பிடிங்க மேடம், லைட் அணையிற வரைக்கும்" என்றார் அந்த ஆள். பிரமநாயகி போய் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினாள். கட்டைவிரல் வெளுக்கிற வரைக்கும் அமுக்கினாள். விளக்கு அணைந்தது. எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டாள்.

திரும்பி வந்து ரிமோட்டை அமுக்கினால் கேட்டு திறக்கவில்லை. மறுபடி அமுக்கினாள். அப்போது உள்ளேயிருந்து கேன் மூடியில் விரல் தாளம் கேட்டது. கேட்டு வழுக்கிக்கொண்டு திறந்தது. கோலப்பன் வெளியே வந்தார். "வாங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். ரிமோட்டுகளை மட்டும்தான் கேட்டு மறந்திருந்தது. மனிதர்களை மறக்கவில்லை. அந்த நகரிலேயே ரிமோட்டைத் தவிர வேறொன்றையும் கேட்டுக்குக் கொடுக்காதவள் பிரமநாயகி ஒருத்திதான்.

அவளும் என்னவெல்லாமோ செய்து பார்த்தாள். இருமினாள், வளையலைக் குலுக்கினாள், தேவாரம் பாடினாள், "தொறக்கியா இல்லையா, மூதி" என்று வைதாள், ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கெஞ்சவும் செய்தாள். ரிமோட்டை மறுபடி பழக்கலாம் என்று பார்த்தால் விளக்கே எரியவில்லை. வீட்டுக்குப் போன் போட்டால், குத்தாலிங்கம் பொடி டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, உள்ளே நின்று தும்முவார். சில நாள் தும்மல் வராது. இரும்புக் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் அவர் சூரியனைப் பார்த்து மூக்கை நிமிர்த்திக்கொண்டு நிற்பதையும், இந்தப் பக்கம் தான் காய்கறிப் பையோடு நிற்பதையும் நினைத்தால் அவளுக்கு அழுகை முட்டும்.

அப்படி அவள் வெளியே நிற்கும்போதெல்லாம் சாலையோரப் புங்க மரத்தடியில் இன்னொருத்தியும் நின்றாள். முப்பிடாதியின் மருமகள் இசக்கி. அவள் வயிற்றிலிருந்த பிள்ளை போன வருஷம் தங்காமல் போய்விட்டது. அதற்குப் பிறகு அவளிடம் பேச்சு நின்றுவிட்டது. ஆமாம் என்றால் ஒரு தலையசைப்பு, இல்லை என்றால் ஒரு தலையசைப்பு. நடந்தால் செருப்புச் சத்தம் கூட வராது. பீடிக்கடையில் வாங்கிய இலைக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வேறு யாராவது வந்து கேட்டைத் திறக்கிற வரைக்கும் மரத்தோடு மரமாக நிற்பாள். முதலில் பிரமநாயகி அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் வெயில் தாங்காமல் அதே நிழலுக்குப் போனாள். இன்னொரு நாள் பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து நீட்டினாள். இசக்கி வாங்கி, பாதியைக் கடித்துவிட்டு, மீதியை மடியில் முடிந்துகொண்டாள்.

ஐப்பசியில் ஒரு பிற்பகல். பிரமநாயகி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வானம் கருத்திருந்தது. கேட்டு மூடியிருந்தது, வீட்டுக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, புருஷனுக்கு மதியத் தூக்கம். சாலையில் இசக்கி இலைக்கட்டோடு வேகமாக வந்தாள். கேட்டைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், இந்த மழையில் திறக்க எவரும் வரப் போவதில்லை என்று முடிவு செய்து குளத்துக்கரைப் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தாள். முதல் தூறல் சடசடவென்று விழுந்தது. பீடி இலை நனைந்தால் பிறகு சுற்ற முடியாது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது சுற்றுகிறவள்தான். இசக்கி குனிந்து, முதுகைக் கூரையாக்கி, இலைக்கட்டைக் கைக்குழந்தை மாதிரி மூடிக்கொண்டு ஓடினாள். அந்த முதுகைப் பார்த்ததும் பிரமநாயகி கத்தினாள்.

"ஏட்டி இசக்கி! நனையாத! இங்க வாட்டி!"

தன் குரல்தான் அது என்று அவளுக்கே தெரியவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இசக்கி நின்றாள். கேட்டு திறந்தது.

இருவரும் ஓடி வந்து பிரமநாயகி வீட்டுக் கூடத்தில் ஏறினார்கள். இலையைத் தரையில் பரப்பி ஃபேனைப் போட்டார்கள். பிரமநாயகி தலை துவட்டத் துண்டு கொடுத்தாள், காப்பி போட்டாள். மழை ஜன்னலை அறைந்துகொண்டிருந்தது. இசக்கி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு, துருப்பிடித்த தாழ்ப்பாளை நகர்த்துகிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக இழுத்துப் பேசினாள்.

"அது போன அன்னைக்கு எல்லாரும் வந்து பேசுனாவம்மா. ஆறுதல் சொன்னாவ, மருந்து சொன்னாவ, கோயில் சொன்னாவ. ஒருத்தரும் என்னப் பேரு சொல்லிக் கூப்பிடல. பெறகு எனக்கும் பதில் சொல்ல ஒண்ணும் இல்லாமப் போச்சு."

பிரமநாயகி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அந்தப் பய சங்கிலிய அறுக்கும்போது எனக்குச் சத்தமே வரலட்டி. 'ஏய்'னு ஒரு சத்தம், அது கூட வரல. பெறகு ஊரையே பூட்டிப் போட்டாச் சரியாயிரும்னு நெனச்சேன்." சொல்லிவிட்டு, இதைப் புருஷனிடம் கூடச் சொன்னதில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து, இசக்கி வருகிற நேரத்துக்குப் பிரமநாயகி வாசலில் நின்று, "ஏட்டி இசக்கி, வாரியா?" என்று கூப்பிட்டாள். கேட்டு திறந்தது. சில நாட்கள் கழித்து வெளியிலிருந்து ஒரு பதில் வந்தது: "வாரேன் சித்தி." அம்மா என்பது எப்போது சித்தி ஆனது என்று இருவருமே கவனிக்கவில்லை. கேட்டு கவனித்து, அந்த "வாரேன் சித்தி"யையும் கற்றுக்கொண்டது. பிரமநாயகி தெருவில் நடந்தால் பின்னால் வருகிற சத்தத்துக்கெல்லாம் இப்போது பெயர் இருந்தது: அது தாவூதின் சட்டுவம், அது வாத்தியாரின் சரி சரி, அது ஆடு. கழுத்துக்குப் போகிற கை எப்போது போகாமல் நின்றது என்று அவளுக்குத் தெரியாது. வேலை இருந்தது, மறந்துவிட்டாள்.

தை பிறந்து சில நாள் ஆகியிருக்கும். ஒரு காலையில் இசக்கி "வாரேன் சித்தி" என்றாள். கேட்டு திறந்தது, அவள் உள்ளே வந்தாள், கேட்டு மூடியது. மூடிய கேட்டு மறுபடி திறந்தது. ஓர் அணில் நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது. கொஞ்சம் பொறுத்து மூடிக்கொண்டது. வெளியே ஒருவரும் இல்லை. "மோட்டார்ல கோளாறு" என்றார் கோலப்பன். பிரமநாயகி துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

"ஏட்டி, நாள் தள்ளியிருக்கா?"

இசக்கியின் முகம் வெளிறியது. "இன்னும் வீட்டுல கூடச் சொல்லல சித்தி. சொல்லப் பயமா இருக்கு. இதுவும் தங்காமப் போயிட்டுன்னா?"

"உனக்கு அடுத்து இன்னொரு ஆளு வருதுன்னு கேட்டு தொறந்திருக்குட்டி. அதுக்கு ஆளுங்க வித்தியாசம் தெரியும். என்ன எத்தன நாள் வெளிய நிறுத்திச்சு, பாத்தல்ல?"

இசக்கிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

தெருவுக்கு விஷயம் தெரிய அதிக நாள் ஆகவில்லை, ஏனென்றால் அந்த இரண்டாவது திறப்பு நாளாக ஆக அகலமாகிக்கொண்டே போனது. மாசியில் ஒரு பூனை வருகிற அளவு, பங்குனியில் ஒரு கூடை நுழைகிற அளவு, சித்திரையில் தவழ்கிற பிள்ளை வருகிற அளவு என்று அது திறந்தது. சனங்கள் அதற்கும் பழகிக்கொண்டார்கள். இசக்கிக்குப் பின்னால் வருகிறவர்கள் முந்திக்கொண்டு நுழையாமல், அந்தத் திறப்பு முடிகிற வரைக்கும் ஒதுங்கி நின்றார்கள். கார்க்காரர்கள் எஞ்சினை அணைத்தார்கள். ஒருநாள் அது திறக்கத் தாமதமானபோது, தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது; பிரமநாயகி கேட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். கொஞ்சம் பொறுத்து அது திறந்தது. "உள்ள இருக்கது தூங்கியிருக்கும்" என்றாள் முப்பிடாதி. எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

ஆவணியில் இசக்கிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நண்பகலில் ஆட்டோவில் வந்து கேட்டின் முன்னால் இறங்கினாள். அவள் புருஷன், முப்பிடாதி, சத்தம் கேட்டுக் கூடிய ஓடைக்கரைப் பெண்கள், கோலப்பன், தாவூது, வாத்தியார் எல்லோரும் வெளியே நின்றார்கள். பிரமநாயகி உள்ளே ஆரத்தித் தட்டோடு நின்றாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. யார் வேண்டுமானாலும் கேட்டைத் திறந்திருக்கலாம். ஒருவரும் திறக்கவில்லை. இது குழந்தையின் முறை என்று யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முப்பிடாதி சிரிப்பு வந்துவிடாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தாவூது சட்டுவத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டார். குத்தாலிங்கம் பொடி டப்பாவை மனைவியிடமே கொடுத்துவிட்டார். யாரோ ஆட்டின் கழுத்து மணியைப் பொத்திப் பிடித்தார்கள்.

கூட்டம் சாலை வரைக்கும் வழிந்தது. தென்காசி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் தலையை நீட்டினார்.

"என்னய்யா, மறியலா?"

"இல்லண்ணே. பிள்ள தூங்குது" என்றார் கோலப்பன், வாய்க்குள்ளேயே.

டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார்கள். ஆவணி வெயிலில், புங்க இலை விழுந்தால் கேட்கிற அமைதியில், அத்தனை பேரும் ஒரு முறத்தகலத் துணிக்குள் இருந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். குழந்தை புருவத்தைச் சுருக்கியது. விட்டுவிட்டது. நாக்கை ஒரு சுழற்றுச் சுழற்றி, கனவில் பால் குடித்ததோ என்னவோ, "ச்சு" என்று உதட்டைச் சப்பியது.

கேட்டு திறந்தது. பாதியில் நிற்காமல், இதுவரை யாருக்கும் போகாத கோடி வரைக்கும் போய், மதிலுக்குள் முழுசாக ஒடுங்கி நின்றது.

"பொண்ணா பையனா?" என்று பஸ்ஸிலிருந்து ஒரு குரல்.

"பொண்ணு!" என்று முப்பிடாதி கத்தினாள். அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் அப்போதுதான் வெடித்தது.

பிரமநாயகி ஆரத்தி சுற்றினாள். இசக்கி தெருவழியாக நடந்தாள். பின்னாலேயே எல்லோரும் நடந்தார்கள். நகர்க்காரர்கள் தங்கள் தங்கள் வீட்டு வாசல் வந்ததும் நின்றுவிடுவார்கள் என்றுதான் ஓடைக்கரைப் பெண்கள் நினைத்தார்கள். ஒருவரும் நிற்கவில்லை. கடைசி வீட்டையும் தாண்டி, வேலி இடைவெளியைத் தாண்டி, கூட்டம் ஓடை வரைக்கும் வந்துவிட்டது. பிரமநாயகி அங்கே நின்றாள். வீடு கட்டிக் குடிவந்த நாளிலிருந்து அவள் ஒருமுறை கூட இந்த ஓடையைத் தாண்டியதில்லை. அந்தக் கரையில் வேப்பமரம் தெரிந்தது, ஓட்டுக்கூரைகள் தெரிந்தன, ஒரு வீட்டு வாசலில் யாரோ அவசரமாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். ஓடையில் கணுக்கால் அளவுக்குத் தெளிந்த தண்ணீர் ஓடியது.

"கல்லு வழுக்கும் சித்தி, பாத்து" என்றாள் இசக்கி, நடு ஓடையில் நின்று திரும்பி.

பிரமநாயகி தட்டைக் குத்தாலிங்கத்திடம் கொடுத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.